மார்கழித் தும்மல்

மார்கழி பிறந்தால் மயிலாப்பூரில் கச்சேரி தொடங்கும். எங்கள் வீட்டில் தும்மல் தொடங்கும். விடியற்காலையில் என் தம்பிக்கு வரிசையாக இருபது தும்மல். "பனியில தலையைக் காட்டாதேடா" என்று பாட்டி மஃப்ளரைச் சுற்றுவாள். அலர்ஜி என்ற வார்த்தையே அப்போது எங்களுக்குத் தெரியாது. எல்லாம் ஜலதோஷம்தான்.

மருந்துக்குக் கச்சேரி ரோடு டப்பா செட்டி கடை. 1885 முதல் இருக்கும் நாட்டு மருந்துக் கடை. சரக்குகளை டப்பாக்களில் வைத்து விற்றதால் வந்த பெயர். பாட்டி சீட்டு தரமாட்டாள். சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் என்று வாயால் சொல்வாள். ஒன்றை மறந்தால் மறுபடி நடை!

இன்னொன்று அமிர்தாஞ்சன். காசிநாதுனி நாகேஸ்வரராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கியது. கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே தைலத்தைப் பிரபலமாக்கினாராம். 1914-ல் சென்னைக்கு வந்தார். அதே ஆண்டு ஆந்திர பத்திரிகையையும் இங்கே நாளிதழாக்கினார். கம்பெனி லஸ் சர்ச் ரோட்டில் இருந்தது. பக்கத்துப் பூங்காவுக்கு அவர் பெயர்தான். தினமும் அங்கே நடப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

இரவில் நொச்சி இலை போட்ட வெந்நீரில் தைலத்தையும் கரைத்து, போர்வைக்குள் ஆவி. மூக்கு திறந்தது போல இருக்கும். உண்மையில் திறப்பதில்லை, மெந்தாலின் குளிர்ச்சி அப்படி நினைக்க வைக்கிறது என்று பிற்பாடுதான் படித்தேன்.

ஒரு போகியன்று, தெருவெல்லாம் பழம்பாயும் டயரும் எரிந்த புகையில், தம்பிக்கு இழுப்பு வந்துவிட்டது. பாட்டி வழக்கம்போல ஆவி பிடிக்க வைத்தாள். அவன் போர்வைக்குள்ளேயே மூச்சுக்குத் திணறினான். சைக்கிள் ரிக்‌ஷாவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். "இது சளி இல்லை, ஒவ்வாமை. மூச்சு இழுக்கும்போது வீட்டு வைத்தியம் கூடாது" என்றார் டாக்டர். பாட்டி அன்று முழுக்கப் பேசவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டு வழக்கம் மாறியது. போகிக்கு ஜன்னல்கள் சாத்தப்படும். தலையணை உறை வாரம் ஒருமுறை வெந்நீரில். காய்ச்சி ஆறிய நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவுவது இப்போதும் உண்டு. குழாய்த் தண்ணீரை அப்படியே விடக்கூடாது. கைக்குழந்தைகளுக்குக் கற்பூரத் தைலம் பக்கத்திலேயே வராது.

சுக்குக் கஷாயத்தைப் பாட்டி கடைசிவரை விடவில்லை. தம்பியும் மறுக்கவில்லை. இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டுதான் குடிப்பான்.