களவாவும் களவும்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கரைமேல் உள்ள கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கடலுக்குள் உள்ள கல்லைப் பற்றி அறிய வேண்டுமானால் கட்டுமரக்காரரைத்தான் கேட்க வேண்டும். நீருக்கடியில் மறைந்து கிடக்கும் பாறைத் திட்டைப் 'பார்' என்பது அவர்கள் வழக்கு. அந்தப் பாரின் பொந்துகளிலே ஒரு பிரபு குடியிருக்கிறார். அகன்ற வாயும் தடித்த உதடுமாக, இரை தானே வந்து சேரட்டும் என்று காத்திருப்பார். அவர்தான் களவா மீன். கல்லிலே வலை கிழிந்துவிடும் என்பதால் அவரைத் தூண்டிலில்தான் பெரும்பாலும் பிடிப்பார்கள். முதலில் பெண்ணாக வாழ்ந்து, பெருத்த பிறகு ஆணாக மாறிவிடும் விசித்திரமும் இந்தக் குலத்துக்கு உண்டு!

தலை குழம்புக்கு, துண்டு வறுவலுக்கு. மிஞ்சியது கருவாட்டுக்கு. இங்கேதான் ஐயா, சரித்திரம் குறுக்கிடுகிறது.

நெத்திலிக்கு மணலும் வெயிலும் போதும். களவாவைப் போன்ற தடித்த மீனைக் கீறி உப்பிடாவிட்டால் அழுகிப் போகும். உப்புக்கா பஞ்சம்? கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே உப்பளங்கள் விரிந்து கிடந்த பூமியல்லவா இது! ஆனால் 1805-ல் கும்பினியார் சென்னை ராஜதானியின் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக் கொண்டார்கள். உப்பு விளைவிக்கும் செலவைப் போலப் பல மடங்கு வரி ஏறிற்று. வாங்க வழியில்லாதவன் உவர்மண்ணைச் சுரண்டினால் அது குற்றம். மீனின் பெயர் களவா. அதற்கு உப்பிட்டவன் செய்தது களவு!

இந்த அநியாயத்தை எடுத்துச் சொன்னவர் பிரான்சிஸ் டே. 1639-ல் சென்னைக்கு இடம் பிடித்த டே அல்ல. அதே பெயர் கொண்ட ராணுவ வைத்தியர். இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதியவர். களவா இனத்தைச் 'செர்ரானஸ்' என்ற குலப்பெயரில் வர்ணித்தவர். உப்பு விலையால் மீன் கெட்டுப்போவதையும், பாதி அழுகியதை ஏழைகள் தின்பதையும் 1873-ஆம் வருஷத்து அறிக்கையில் எழுதினார். அந்தப் பத்தாண்டிலேயே மீன் உப்பிடும் கிடங்குகள் ஏற்பட்டன. வேலிக்குள்ளே, அதிகாரியின் கண்ணெதிரே, வரியில்லாத உப்பை உபயோகிக்கலாம். ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துப் போனால் மறுபடியும் களவுதான்!

1907-ல் பிரெடெரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னையில் மீன்துறை பிறந்தது. 1930 ஏப்ரலில் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பள்ளிச் சிறை சென்றார். மறு வருஷம் காந்தி - இர்வின் ஒப்பந்தத்தில் கடலோரக் கிராமத்தாருக்குச் சிறிது சலுகை கிடைத்தது. வரி அடியோடு ஒழிந்தது 1947-ல்தான்.

இன்று களவா ஐஸ் பெட்டியில் ஏறி அயல்நாடு போகிறது. அதன் கருவாட்டை நாடுவோர் குறைந்துவிட்டார்கள். ஆயினும் கருவாட்டுக் கடையை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நாற்றத்துக்குக் காரணம் மீன்தான், ஆனால் நம் பாட்டனார் காலத்து நாற்றத்தில் பாதி சர்க்காருடையது!