ஃபேன்டஸி ஃபுட்பால்: பாயின்ட் உங்களுக்கு, காசு யாருக்கு?

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி பஸ் வர்றதுக்குள்ள, ஸ்டாப்பில் நின்னபடியே 49 ரூபாய் கட்டி டீம் போட்ட ஆளா நீங்க? அப்போ இந்தக் கணக்கு உங்களுக்குத்தான்.

நிஜ வீரர்களை வைத்து நாமே ஒரு கற்பனை டீம் போடுவது, அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கு ஏற்ப பாயின்ட் வாங்குவது. இதுதான் ஃபேன்டஸி. 1960-களில் அமெரிக்காவின் ஓக்லாந்தில், அவர்கள் ஊர் ஃபுட்பாலை வைத்து நண்பர்கள் வட்டத்தில் ஆரம்பித்தது. நம் ஊரில் இதைப் பெரிய பிசினஸ் ஆக்கியது 2008-ல் தொடங்கிய ட்ரீம்11. ஃபுட்பாலும் இருந்தது, ஆனால் கல்லா கட்டியது கிரிக்கெட்டில்தான். 2020-ல் ஐ.பி.எல் டைட்டில் ஸ்பான்சர், 2023-ல் இந்திய அணியின் ஜெர்சி ஸ்பான்சர். அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

ஒரு உதாரணம் பார்க்கலாம். 10 பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டினால் 500. பரிசு 400, மீதி 100 கம்பெனிக்கு. யார் ஜெயித்தாலும் அந்த 100 போனது போனதுதான். 1,000 ரூபாயோடு வந்து, கிடைப்பதை எல்லாம் திரும்பத் திரும்பப் போட்டால், ஐந்து சுற்றில் சராசரியாகக் கையில் நிற்பது சுமார் 328. சராசரிதான். பெரிய பரிசைச் சிலர் மட்டும் அள்ளிவிடுவதால், பலருக்கு அதுவும் தேறாது. 'நமக்கு கேம் தெரியும் ப்ரோ'ன்னு சொல்லலாம். எதிரில் இருப்பவருக்கும் தெரியுமே!

இதற்கு மேல் வரி. நிகரமாக ஜெயித்த தொகையில் 30% பிடித்தம். 2023 அக்டோபரிலிருந்து கட்டும் பணத்துக்கே 28% ஜி.எஸ்.டி இருந்தது, அதாவது 100 ரூபாய் போட்டால் சுமார் 22 ரூபாய் வரி போனது. தமிழ்நாட்டில் கூடுதலாக, காசு கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை பூட்டு இருந்தது.

2025 ஆகஸ்ட்டில் எல்லாம் தலைகீழானது. ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்யும் மத்திய அரசின் மசோதாவுக்கு 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். காசு போட்டிகள் நின்றன. அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் இந்திய வீரர்கள் ஸ்பான்சர் பெயரில்லாத ஜெர்சியோடு இறங்கினார்கள். அதே ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50% ஆக்க, நம் தோல் பெல்ட்டுக்கும் அடி. ஓவர்டைம் குறையுற மாசத்துலதான் 'ஒரே மேட்ச்சில் கோடி' விளம்பரம் ரொம்ப இனிக்கும். அதனால்தான் சொல்றேன், இந்தத் தடையில் எனக்கு வருத்தமில்லை.

ஃபேன்டஸி பிடிக்கும் என்றால் இங்கிலாந்தின் 'ஃபேன்டஸி பிரீமியர் லீக்' இருக்கே! நுழைவுக் கட்டணம் கிடையாது. கற்பனையாக 10 கோடி பவுண்டு தருவார்கள். 15 வீரர்களை வாங்கணும், ஒரே கிளப்பிலிருந்து மூணு பேருக்கு மேல் கூடாது. கேப்டனுக்கு இரட்டைப் பாயின்ட். நண்பர்களோடு தனி லீக் போட்டு, கடைசியில் வந்தவரை சீசன் முழுக்கக் கலாய்க்கலாம்.

தடைக்குப் பிறகும் டெலிகிராமில் 'பழைய மாதிரியே காசு வெச்சு ஆடலாம்' என்று லிங்க் வந்தால் தொடாதீங்க. ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்கார வேண்டாம், உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.