கண்டியில் கைமாறிய இசைத்தட்டுகள்

கண்டி மாநகரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் தலதா மாளிகையின் மகிமையையும், 1815இல் வீழ்ந்த இராசதானியின் கதையையும், மலைச்சரிவுகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரான வரலாற்றையும் விஸ்தாரமாகவே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அந்நகரிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்ந்த மக்கள் மாலை வேளைகளில் எந்தப் பாட்டைக் கேட்டு உருகினார்கள், எந்தக் குரலுக்காகக் காசு சேர்த்தார்கள் என்று அறிய விரும்புவோர், ஏடுகளை விட, பழைய பொருட்கடைகளின் மூலைகளில் தூசி படிந்து கிடக்கும் இசைத்தட்டுப் பெட்டிகளையே நாட வேண்டியிருக்கிறது.

இந்தத் தட்டுகள் வந்த வழி நீண்டது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்றுதான் தட்டுகளாக அச்சாகித் திரும்பின. 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை எழுந்த பிறகே தென்னாட்டுப் பாட்டு இந்திய மண்ணிலேயே தட்டாகும் பாக்கியம் பெற்றது. இந்தியக் காடுகளில் பூச்சிகள் சுரக்கும் அரக்கு, கற்பொடி, கரி ஆகியவற்றைப் பிசைந்து அழுத்திய அத்தட்டு, நிமிஷத்துக்கு 78 முறை சுழன்று, பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம் பாடும். அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடங்குமாறு கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் தியாகராஜ பாகவதரும் தங்கள் சங்கீதத்தைச் சுருக்கிப் பாடியதை, கடலும் கடந்து, 1867இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதை வழியே மலையேறி வந்த பெட்டிகளில் கண்டி ரசிகர்கள் பெற்றார்கள். அதே பெட்டிகளில் சிங்களப் பாட்டுகளும் இருந்தன. அவற்றைப் பாடிப் பிரசித்தி அடைந்த ருக்மணி தேவி, 1923இல் நுவரெலியாவை அடுத்த இறம்பொடையில் டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்ற பெயருடன் பிறந்தவர் என்பதை, மலைநாட்டுத் தமிழர் பெருமிதத்துடன் நினைவுகூர வேண்டும்.

லயத்து அறைகளில் வாழ்ந்த தொழிலாளிக்குக் கிராமபோன் எட்டாத பொருளாகவே இருந்தது. கணக்கப்பிள்ளை வீட்டிலும் நகரத்து வர்த்தகர் வீட்டிலும் இருந்த பெட்டியைச் சுற்றி நின்று கேட்டவர்கள் பலர். பிற்காலத்தில், மாரியம்மன் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வந்த ஒலிபெருக்கிக்காரரே தோட்டத்து மக்களின் இசைப் புரவலர். ஒரே தட்டை நூறு முறை போட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டிய எஃகு ஊசியை மாற்றாமல் ஓட்டி, பள்ளங்களைத் தேய்த்துவிட்டவரும் அவரே. எனவே இன்று கண்டியில் அகப்படும் தமிழ்த் தட்டின் இரைச்சல் கூட, அது எத்தனை பேரின் செவிக்குச் சென்றது என்பதற்கு ஒரு சான்றாகிறது.

பயன்படுத்திய தட்டுக்கும் பெறுமதி உண்டு என்பதை இரண்டாம் உலகப் போர் உலகுக்கு உணர்த்தியது. அரக்குக்குத் தட்டுப்பாடு வந்த 1942இல், பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி அரைத்துப் புதியவை செய்யும் வழக்கம் அமெரிக்காவில் பரவிற்று. அதே போரின்போது, 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு நேசநாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். அப்படையினருக்காக இலங்கையில் இயங்கிய வானொலி, போர் முடிந்தபின் தன் கருவிகளையும் இசைத்தட்டுகளையும் இலங்கை வானொலிக்கு விட்டுச் சென்றது. 1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாது செய்தபோது, அப்பாடல்களின் தட்டுகளை ஒலிபரப்பிய கொழும்பை நோக்கித் தமிழகமே செவி சாய்த்தது அனைவரும் அறிந்த கதை. தமிழகத்தில் பாடிய பாட்டைத் தமிழகத்தார் இலங்கை வழியே கேட்ட விந்தையை எண்ணும்போது, இந்நாட்டார் கைகளில் தட்டுகள் தேங்கியதன் காரணமும் விளங்குகிறது.

பின்னர் வைனல் தட்டுகள் வந்தன. நீண்ட நேரம் ஓடும் தட்டுகளும் சிறிய 45 சுழற்சித் தட்டுகளும் பரவிய அக்காலத்தில், ஜெரல்ட் விக்ரமசூரியவின் ‘சூரிய’ முத்திரையில் சிங்களப் பாட்டுகள் வெளிவர, நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப்பிசையை நாடெங்கும் முணுமுணுக்க வைத்தார்கள். 1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியதால் நாட்டுக்குள் இருந்த தட்டுகளே கைமாறிக்கொண்டிருந்தன. 1977இல் சந்தை திறந்தவுடன் ஒலிநாடாப் பெட்டிகள் வெள்ளமாக வந்து சேர, தட்டுகள் பரணுக்கும், பரணிலிருந்து பழைய சாமான் வியாபாரியின் கோணிக்கும் இறங்கின. 1983 ஜூலையில் கண்டி வீதிகளில் தமிழர் கடைகள் எரிந்தபோது, அவற்றோடு எத்தகைய ஒலிகள் சாம்பலாயின என்பதற்குக் கணக்கு எவரிடத்தும் இல்லை. எஞ்சிய பெட்டிகளை நான் மதிப்பதற்கு இது முதற்காரணம்.

அப்பெட்டிகளை நேரிலே வாங்குவது ஒரு கலை. அனுபவஸ்தர் தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, மேற்பரப்பில் தெரியும் கீறலை நகத்தால் மெல்லத் தடவி, ஊசி தாண்டி ஓடுமா ஓடாதா என்று நிதானிப்பார். அரக்குத் தட்டானால், குயவரிடம் பானை வாங்குபவரைப் போல, விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்றால் முழுமை, மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த வைனலைக் கழுவி மீட்கலாம். ஆனால் அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைப்பவர் அதை மாய்த்துவிடுவார், ஏனெனில் அரக்கு அதில் கரையும். இத்தனையும் முடிந்தபின், “நானா, கடைசி விலை சொல்லுங்க” என்று கேட்டால், “தனித்தனியாக் குடுக்க ஏலாது தம்பி, பெட்டியோட எடுங்க” என்ற பதிலே பெரும்பாலும் வரும். கூடவே, இப்பெட்டி எந்த ஊரில் எந்த வீட்டைக் காலி செய்தபோது வந்தது, அவ்வீட்டார் எங்கே போனார்கள் என்ற சம்பாஷணையும் தொடரும்.

வியாபாரியின் இந்தப் பிடிவாதத்தை வாங்குவோர் பலர் சலித்துக்கொள்வதுண்டு. எனக்கோ அதுவே நேர்முக வாணிபத்தின் தலையாய நன்மையாகத் தோன்றுகிறது. பெட்டியாக எடுத்தால், சுந்தராம்பாளுக்கு அடுத்து ருக்மணி தேவி, அவருக்கு அடுத்து அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் என்று ஒரு குடும்பத்தின் செவி முழுதும் ஒருங்கே கைக்கு வருகிறது. உறையில் மையால் எழுதிய பெயர், விற்ற கடையின் முத்திரை, ஒலிபெருக்கிக்காரர் இட்ட வரிசை எண் ஆகிய யாவும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

இணைய வாணிபம் இதனின்றும் வேறானது. அதன் உபகாரத்தை நான் குறைத்துக் கூறேன். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்த டிஸ்கொக்ஸ் தளம், தட்டின் நடுவட்டத்துக்கு அருகே பொறித்த எண்ணைக் கூட வாசித்து எந்தப் பதிப்பு என்று நிர்ணயிக்கும் ஒழுங்கைப் பரப்பியிருக்கிறது. டொரொன்டோவிலோ லண்டனிலோ குடியேறிய ஈழத்தமிழர், தாய்வீட்டில் கேட்ட பாட்டின் தட்டைத் தேடிப் பெறுவதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் முன்னர் இருந்ததில்லை. இலங்கைக்குள்ளேயே இக்மன் போன்ற தளங்களில் கண்டிப் பெட்டிகளும் விலைக்கு வருகின்றன. அமெரிக்காவில் 2022இல் வைனல் தட்டுகளின் விற்பனை எண்ணிக்கை குறுந்தட்டுகளை விஞ்சியதிலிருந்து, இந்த ஆர்வம் முதியோர்க்கு மட்டும் உரியதன்று என்பதும் தெளிவு.

ஆயினும் இணையம் தட்டைத் தனித்தனியாகவே அறியும். தரத்தைச் சுட்டும் இரண்டொரு எழுத்து, புகைப்படம், விலை என்ற அளவோடு விபரம் முடிந்துவிடுகிறது. சுண்டிப் பார்க்கவும் நகத்தால் தடவவும் வழியில்லை என்பதோடு, அரக்குத் தட்டு தபாலில் நொறுங்கும் அபாயமும் உண்டு. விற்பவரோ வெளிநாட்டார் கேட்கும் விலையையே பார்த்துத் தம் தட்டுக்கு விலை வைக்கிறார்; உண்மையில் விற்றுத் தீர்ந்த விலை அதனினும் தாழ்ந்திருக்கலாம் என்பதை ஆராய்வார் குறைவு. இவ்விதம் விலையுள்ள நான்கு தட்டுகள் நான்கு தேசங்களுக்குப் பிரிந்து போக, விலை போகாத பக்திப் பாட்டும் திரைப்படக் கதைவசனமும் கோணியிலேயே தங்கிவிடுகின்றன. பாட்டு அழிவதில்லை; அதே பாட்டு கொழும்பு வானொலியின் இசைத்தட்டு நூலகத்திலும், சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றோர் ஆயுள் முழுதும் சேர்த்த திரட்டிலும் இருக்கக்கூடும். கண்டியை அடுத்த கம்பளையிலோ மாத்தளையிலோ ஒரு வீடு அதை எவற்றோடு சேர்த்துக் கேட்டது என்பதே அழிகிறது.

ஆகவே பெட்டியைப் பிரித்து விற்க வேண்டியவர், பிரிக்கும் முன்னர், எல்லாத் தட்டுகளின் பெயரையும் எண்ணையும், உறைகளில் உள்ள எழுத்துகளையும், பெட்டி கிடைத்த ஊரையும் ஒரு தாளில் எழுதி வைக்கலாம். வீட்டாரின் பெயர் வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் நகரிலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் தூரத்திலேயே இருக்கிறது. அத்தகைய தாள்களை ஏற்றுப் பாதுகாக்க அங்கு ஒரு கோப்புத் திறந்தால், மலைநாட்டார் கேட்ட சங்கீதத்தின் சரித்திரத்தை எழுத முற்படும் மாணாக்கர் அந்தக் கோப்பிலிருந்தே தொடங்கலாம்.