தேவாலாப் பொன்னும் மனக்கட்டுப்பாடும்

உதகையிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கி, அங்கிருந்து மேற்கே சென்றால் தேவாலா வரும். அதனை அடுத்திருப்பது பந்தலூர். மழைக்குப் பெயர்போன இப்பகுதியில், சாலையின் இருமருங்கிலும் இன்று நாம் காண்பது தேயிலைச் சரிவுகளையே. ஆயினும் இதே மண்ணில் கைவிடப்பட்ட பொற்சுரங்கங்கள் வாய் பிளந்து கிடக்கின்றன. அவற்றுள் நுழைந்து திருட்டுத்தனமாகத் தோண்டி, மண் சரிந்து உயிரிழந்தோரைப் பற்றிய செய்திகள் அண்மைக் காலம் வரை வந்த வண்ணமே உள்ளன. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் இலண்டன் மாநகரையே மயக்கிய ஓர் ஆசையின் எச்சங்கள் இவை.

கிரிப்டோ நாணயம் என்னும் புதுச் சரக்கில் நம் இளைஞர்கள் கைப்பொருளையும், சில வேளைகளில் கடன் பொருளையும் கொட்டிவரும் இந்நாளில், தேவாலாவின் கதையைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

வயநாட்டு ஆற்று மணலை அரித்துப் பொன் எடுக்கும் தொழில் இம்மலைவாழ் மக்களுக்குப் பழமையானது. 1831-ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசு ஓர் இராணுவ அதிகாரியை அனுப்பிப் பொன்வளத்தை ஆராயச் செய்தது. ஆயினும் அதன்பின் பல்லாண்டுகள் காப்பியே இம்மலைகளை ஆண்டது. பின்னர்த் தண்டு துளைப்பான் பூச்சியும் இலைநோயும் காப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கின. தோட்ட முதலாளிகள் கடனில் மூழ்கினர். அந்நிலையிலேதான் பொன்னாசை மீண்டும் தலைதூக்கியது. 1874-இல் தேவாலாவை ஒட்டி ஆல்பா என்னும் கம்பெனி தோன்றிற்று. 1877-இல் தென்கிழக்கு வயநாடு மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. 1879-இல் இந்திய அரசு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரப் ஸ்மித் என்பாரை வரவழைத்து ஆராயச் சொல்லிற்று. 1880-இல் அவர் அளித்த அறிக்கை நம்பிக்கை நிறைந்ததாக இருந்தது.

அவ்வளவுதான், இலண்டன் பங்குச் சந்தையில் தீப்பற்றியது போலாயிற்று. ஓரிரு ஆண்டுகளுக்குள் வயநாட்டுப் பொன்னின் பெயரால் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் எழுந்தன. அவற்றின் பெயரளவு முதல் நாற்பது இலட்சம் பவுண்டைத் தாண்டிற்று. நோயுற்ற காப்பித் தோட்டங்கள் பொன் விளையும் பூமி என்ற பெயரில் பெருவிலைக்குக் கைமாறின. பாறையை முறையாகச் சோதிக்கும் முன்னரே, அதனை இடிக்கும் கனத்த இயந்திரங்களுக்குப் பணம் செலவிடப்பட்டது. ஆலைகள் ஓடத் தொடங்கியபோது உண்மை வெளிப்பட்டது. டன் கணக்கில் பாறையை இடித்தும், கிடைத்த பொன் செலவுக்குக் கட்டவில்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவியல் அறிஞர்களான ஹேடனும் ஹாட்சும் இப்பகுதியை மீண்டும் ஆராய்ந்தபோதும், இலாபம் தரத்தக்க பொன்பாறை அகப்படவில்லை.

பொன் இருந்தது, அது பொய்யன்று. வேண்டிய அளவுக்கு இல்லை என்பதே உண்மை. ஆய்ந்தெடுத்த சில கற்களில் மின்னிய பொன்னைக் கண்டவர்கள், மலை முழுவதையும் அக்கல்லாகவே எண்ணிவிட்டனர். நண்பன் ஒருவன் ஒரே மாதத்தில் பணத்தை இரட்டிப்பாக்கினான் என்ற செய்தி, இன்று அத்தகைய பொறுக்கியெடுத்த கல்லே ஆகும். இழந்தவர்கள் வாய் திறப்பதில்லை. ஆகவே அவர்களுடைய கணக்கு நம் காதுக்கு எட்டுவதில்லை.

மேலும் ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. பொன்னில் புகுந்த தோட்டக்காரர் பலர், காப்பியில் இழந்தவர்கள். இழந்ததை ஒரே வீச்சில் மீட்டுவிட வேண்டும் என்னும் தவிப்பு மனிதனை மேலும் பெரிய பணயத்துக்குத் தள்ளுகின்றது. தேவாலாவின் ஆரவாரம் தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1979-இல், கானமன், ட்வெர்ஸ்கி என்னும் இரு உளவியல் அறிஞர்கள் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். பெற்றதன் மகிழ்ச்சியைவிட இழந்ததன் வலி மிகுதி என்றும், நட்டத்தில் நிற்பவன் அதனைத் தவிர்க்கத் துணிந்து சூதாட முற்படுகின்றான் என்றும் அவர்கள் காட்டினர். அறிவுடைமை இதற்குக் காப்பாகாது. 1720-இல் தென்கடல் கம்பெனிப் பங்குகளை இலாபத்தில் விற்று விலகிய ஐசக் நியூட்டன், பிறர் மேன்மேலும் ஈட்டுவதைக் காணப் பொறாமல், ஏறிய விலையில் மறுபடியும் வாங்கிப் பெரும்பொருள் இழந்தார்.

அப்படியாயின் பொறுமையே மருந்து என்று முடித்துவிடலாமா? இங்குதான் வரலாறு நம்மைச் சற்று நிறுத்தி வைக்கின்றது.

வயநாட்டு மயக்கம் உச்சத்தில் இருந்த 1880-ஆம் ஆண்டிலேயே, கோலாரில் மைசூர்ப் பொற்சுரங்கக் கம்பெனி தோன்றிற்று. அதுவும் முதலெல்லாம் கரைந்து, மூடிவிடும் நிலைக்கு வந்தது. ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் வற்புறுத்தலால் எஞ்சிய பணத்தைக் கொண்டு இன்னும் சற்று ஆழமாகத் தோண்டினர். சாம்பியன் எனப் பெயர்பெற்ற பொன்னடுக்கு கிட்டியது. 2001-இல் மூடப்படும்வரை நூறாண்டுகளுக்கும் மேலாகக் கோலார் பொன் தந்தது. கோலாரில் பொறுத்தவன் செல்வனானான். தேவாலாவில் பொறுத்தவன் ஓட்டாண்டியானான். இருவருடைய மன உறுதியும் ஒன்றுதான். வேறுபட்டது நிலத்தடியில் கிடந்த பாறை.

கிரிப்டோ உலகிலும் இவ்விரு காட்சிகளையும் கண்டோம். 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், மறு ஆண்டு அதே மாதத்தில் 16,000 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. அஞ்சாது வைத்திருந்தவர்கள் 2024 டிசம்பரில் அது ஓர் இலட்சம் டாலரைக் கடக்கக் கண்டனர். ஆனால் 2022 மே மாதத்தில் லூனா என்னும் நாணயம் சில நாட்களிலேயே ஏறக்குறைய ஒன்றுமில்லாததாயிற்று. அதனையும் அஞ்சாது வைத்திருந்தோர் பல்லாயிரவர். விற்காதே, பொறுத்திரு என்ற அறிவுரை இரு சாராருக்கும் ஒன்றாகவே கூறப்பட்டது. ஆகவே, பொறுமையைப் போதிப்பவன் யார், நம் பொறுமையால் ஆதாயம் அடைபவன் யார் என்று கேட்டறிவதும் மனக்கட்டுப்பாட்டின் ஒரு பகுதியே ஆகும். பங்குதாரரைப் பொறுத்திருக்கச் சொன்னவர்களுள், தம் நிலத்தை முன்னரே விற்றுக் காசாக்கிக் கொண்டவர்களும் இருந்திருக்கக்கூடும் அன்றோ!

ஸப்ர் என்னும் பொறுமையை நம் முன்னோர் செயலற்றுக் காத்திருத்தல் என்று கொள்ளவில்லை. நஃப்ஸின் இழுப்புக்கு ஆட்படாமல் நிற்றல் என்றே கொண்டனர். சூதும், விற்பவனும் வாங்குபவனும் அறியாத மிகுந்த ஐயப்பாடுடைய பேரமும் விலக்கப்பட்டமைக்குக் காரணமும் இதனோடு தொடர்புடையதே. கிரிப்டோ வாணிபத்தைப் பொறுத்தவரை மார்க்க அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எகிப்தின் முஃப்தி 2018-இல் பிட்காயின் வாணிபத்தைத் தடுத்துத் தீர்ப்பளித்தார். மலேசியப் பங்கு ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழுவோ, பதிவு பெற்ற சந்தைகளில் இத்தகைய வாணிபத்தை 2020-இல் அனுமதித்தது. இவ்வாய்வை அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் ஆகுமானதாகவே கொள்வோரும், வாணிபம் சூதாக மாறும் எல்லை தம் உள்ளத்திலேயே உள்ளது என்பதை மறுக்க இயலாது.

அவ்வெல்லையைக் காப்பது எங்ஙனம்? மனக்கட்டுப்பாடு விலை சரியும்போது தொடங்குவதன்று. பணத்தை இடும் முன்னரே தொடங்குவது. வாங்குவது என்ன, அதன் பெறுமதிக்கு அடிப்படை யாது என ஆராய்தல் முதற்படி. முழுதும் இழந்தாலும் வீட்டு அடுப்பு அணையாத அளவுக்கு மட்டும் இடுதல் இரண்டாவது. கடன் வாங்கியோ, மனைவியின் நகையை அடகு வைத்தோ இடுபவனுக்கு அமைதி எவ்வாறு வாய்க்கும்? எந்நிலையில் விலகுவது என்பதை மனம் தெளிந்திருக்கும் வேளையிலேயே எழுதி வைத்தல் மூன்றாவது. அன்று இலண்டன் பங்குதாரனுக்குச் சுரங்கத்தின் விரிவான அறிக்கை கப்பலில் வந்து சேர வாரங்கள் ஆயின. அக்கால இடைவெளி அவனை ஓரளவு காத்தது. இன்றைய சந்தைக்கோ இரவும் இல்லை, விடுமுறையும் இல்லை. நள்ளிரவிலும் கையிலுள்ள கருவி விலையைக் காட்டி மனத்தைக் கிளறுகின்றது. ஆதலால் சந்தை அடைக்காத கதவை நாமே அடைத்துப் பழகுதல் நான்காவதாகும்.

பொன்னைத் தேடிக் குடைந்த மலையில் இன்று தேயிலை வளர்ந்து நிற்கின்றது. பசுந்தேயிலை விலையும் ஏறி இறங்குவதுதான். சிறு விவசாயியின் வயிற்றெரிச்சலையும் நாம் அறிவோம். எனினும் அவன் கையில் ஒரு செடி இருக்கின்றது. அது என்ன தரும், என்ன தராது என்பது அவனுக்குத் தெரியும். தன் கையிலிருப்பது யாதென அறிந்தவனுடைய பொறுமையே பொறுமை. அறியாதவன் பொறுத்திருப்பது, தேவாலாக் குகையின் இருளில் விளக்கின்றி அமர்ந்திருப்பதையே ஒக்கும்.