'குடோன்' என்பது 'கோ டவுன்' அன்று



ஆங்கிலத்தில் 'கோ டவுன்' என்னும் வினைத்தொடரை நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே பயில்கின்றனர். படியிறங்குதல், விலை குறைதல், கதிரவன் மறைதல், கப்பல் மூழ்குதல் என அதற்குப் பொருள் பல. சரக்கு வைக்கும் கட்டடத்தை நம்மவர் 'குடோன்' என்கிறார்களே, அதுவும் இத்தொடரிலிருந்து பிறந்தது என்றே பலர் நம்புகின்றனர். "சரக்கு கீழே இறங்குகிறது, ஆகவே கோ டவுன்" என்று விளக்கமும் தருவர். கேட்க நன்றாயிருக்கிறது, உண்மைதான் இல்லை.

ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் ஆகிய இருவரும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகரமுதலி 1886-இல் வெளிவந்தது. (கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே தொடர்வண்டி ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்!) பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னாட்டு மொழிகளைக் கற்றவர். அவர்கள் காட்டும் வழி இது: ஐரோப்பியர் இச்சொல்லை மலாய் மொழியிலிருந்து பெற்றனர். மலாய் மொழிக்கு அது தென்னிந்தியாவிலிருந்து வந்திருக்கலாம். தெலுங்கில் 'கிடங்கி', தமிழில் 'கிடங்கு', அதாவது பொருள்கள் கிடக்கும் இடம்.

1511-இல் போர்த்துக்கேயர் மலாக்காவைக் கைப்பற்றியபோது அங்கே தமிழ் வணிகர் செல்வாக்குடன் இருந்தனர். துறைமுகத்தில் வழங்கிய சொல்லைப் போர்த்துக்கேயர் தம் நாவுக்கேற்பத் திரித்தனர். ஆங்கிலேயர் அதனைத் தமக்குப் பழகிய இரு சொற்களின் ஓசையில் அமைத்துக்கொண்டனர். பொருள் தெரியாத அயற்சொல்லுக்குத் தெரிந்த சொல்லின் சட்டையை மாட்டுவது எல்லா மொழியினருக்கும் உள்ள வழக்கமே.

மூலம் தெலுங்கா, தமிழா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. எல்லாம் தமிழே என்று மார்தட்டுவதை நான் விரும்புவதில்லை. ஆயினும் 'கிடங்கு' நம் மொழியில் மிகப் பழைய சொல் என்பதில் ஐயமில்லை. சங்க இலக்கியத்தில் அது கோட்டையைச் சூழ்ந்த அகழியைக் குறித்தது. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனுக்குரிய ஊரின் பெயரே 'கிடங்கில்', திண்டிவனத்தை ஒட்டியது.

நம் வட்டாரத்துக்கு வருவோம். சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901-இல் திறக்கப்பட்டது. 1963 வரை அதனை நடத்தியது இரயில்வே நிருவாகம். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் துறைமுகத்திலும் தமிழ்த் தொழிலாளர் மிகுதி. ஆங்கில அதிகாரிகளின் சொல்லாக அவர்கள் கேட்டது 'குடோன்'. 1972-இல் துறைமுகத்தின் பெயர் கிள்ளான் துறைமுகம் என மாறியது, 'குடோன்' மாறவில்லை.

வகுப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆங்கிலத்தில் சரக்கறையைக் குறிக்கும்போது ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும், அது பெயர்ச்சொல். பிரித்து எழுதினால் வினையாகிவிடும். ஆசிய நாடுகளின் ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. இங்கிலாந்தில் 'வேர்ஹவுஸ்' என்பதே பொது வழக்கு. தமிழ்க் கட்டுரையில் மாணவர் 'குடோன்' என்று எழுதினால், சிவப்பு மையால் அடித்துக் 'கிடங்கு' எனத் திருத்துகிறோம். திருத்துவது சரியே. அப்படியே மலாய்ப் பாடநூலில் உள்ள 'குடாங்' என்னும் சொல்லையும் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். இந்தியில் அது 'கோதாம்', சிங்களத்தில் 'குதாம'.