ஊரார் யார், வெளியார் யார்? பல்லடம் வட்டாரம் கற்பிக்கும் பாடம்

பல்லடத்தின் விசைத்தறிக் கூடங்களிலும் கறிக்கோழிப் பண்ணைகளிலும், அருகிலுள்ள திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அஸ்ஸாம் மாநிலத்தவர் பெருந்தொகையாகப் பணிபுரிகின்றனர். ஒடியா பேசுபவரும் வங்காளம் பேசுபவரும் இங்கே ஒருசேர ‘இந்திக்காரர்’ ஆகிவிடுகின்றனர். ஊரார், வெளியார் என்று பிரிக்கும் இக்கோடு கொங்கு நாட்டில் என்றும் ஒரே இடத்தில் நின்றதில்லை. அக்கோட்டின் இருபுறமும் நின்று பழகியவர்கள் நாம். ஆகவே அதன் வரலாற்றை நாம் அறிந்திருப்பது அவசியம்.

இன்று கொங்கு மண்ணின் மக்களாக அறியப்படுவோரில் எத்தனையோ சமூகத்தார் வெளியிலிருந்து வந்தவர்களே. தெலுங்கும் கன்னடமும் பேசும் தேவாங்க நெசவாளர்கள் தறியோடு வந்து குடியேறினர். 1799-இல் திப்பு சுல்தான் வீழும் வரை இப்பகுதி மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. அவ்வாட்சியோடு தொடர்புடைய உருது பேசும் குடும்பங்கள் பல இங்கேயே தங்கின. தமிழையே தாய்மொழியாகக் கொண்ட ராவுத்தர்களோ குதிரையோடும் வணிகத்தோடும் பெயர் இணைந்தவர்கள். இவர்களில் எவரையும் இன்று சந்தையில் யாரும் ‘எந்த ஊர்?’ என்று ஐயத்தோடு கேட்பதில்லை.

திருப்பூர் ஒரு காலத்தில் பல்லடம் தாலுகாவைச் சேர்ந்த ஊர். அங்கே 1925 அளவில் முதல் பின்னலாடைத் தொழிலகத்தைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவராகக் குலாம் காதர் குறிப்பிடப்படுகிறார். பின்னல் இயந்திரங்கள் கல்கத்தாவிலிருந்து தருவிக்கப்பட்டன. நூறாண்டுக்கு முன் வங்கத்திலிருந்து இயந்திரம் வந்தது. இன்று அதே வங்கத்திலிருந்து தொழிலாளி வருகிறார். இயந்திரத்தை ‘வெளியூர்’ என்று ஒதுக்கியவர் எவருமில்லை!

பனியன் தொழில் ஏற்றுமதியாக வளர்ந்தபோது மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். தமிழரேயாயினும் அன்று அவர்கள்தாம் ‘தெற்கத்திக்காரர்’. அவர்களின் பிள்ளைகள் இங்கேயே படித்து, கொங்குத் தமிழ் பேசி, ஊராராகிவிட்டனர். வெளியார் என்னும் பெயர் அடுத்து வந்தவருக்குச் சென்று சேர்ந்தது.

இக்கோடு எவ்வளவு எளிதில் அச்சமாக மாறும் என்பதை 2023 மார்ச் மாதம் காட்டியது. தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து விசாரித்தது. தமிழகக் காவல்துறை வதந்தி பரப்பியோர் மீது வழக்குப் பதிந்தது. பொய்யை நம்ப வைத்தது எது? பக்கத்துத் தறியில் நிற்பவரோடு பேச்சுவழக்கே இல்லாத தூரம்தான்.

அரசே இக்கோட்டைக் கிழித்த கதையும் நமக்கு அந்நியமன்று. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா வந்தவர்களில் பலர் நம் அண்டையிலுள்ள நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தனர். அங்கே ‘இந்தியர்’ எனப்பட்டோர் இங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். இரு கரையிலும் வெளியாராக இருப்பதன் வலி தமிழ் பேசும் மக்களுக்குத் தெரியாததன்று.

இன்று வங்காளம் பேசும் தொழிலாளி, குறிப்பாக அவர் முஸ்லிமாயின், வங்கதேசத்தவரோ என்ற ஐயத்துக்கு ஆளாகிறார். உரிய ஆவணமின்றி எல்லை கடந்து வந்தவரைச் சட்டம் விசாரிப்பது வேறு. முர்ஷிதாபாத்திலிருந்து வாக்காளர் அட்டையோடு வந்த இந்தியக் குடிமகனை அவர் பேசும் மொழிக்காகச் சந்தேகிப்பது வேறு. வாடகைக்கு வீடு கேட்கும்போது பெயரைக் கேட்டதும் உரிமையாளரின் முகம் மாறுவதை நம்மில் பலர் அறிவர். அவ்வனுபவம் உள்ளவரே இன்னொருவருக்கு அதைச் செய்யலாகாது.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்ததும் செய்த முதற்பணிகளுள் ஒன்று, மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களையும் உள்ளூர் அன்ஸார்களையும் சகோதரர்களாக இணைத்தது. ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காக துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார். வந்தவர் வேண்டியது உழைக்க ஒரு வழி. இருந்தவர் தந்தது திறந்த மனம்.

நம் மஹல்லாக்களால் இயன்றவை பல உண்டு. புதிதாக வரும் தொழுகையாளியிடம் பெயரும் ஊரும் கேட்டு அறிமுகமாகலாம். ஜுமுஆ உரையின் சாரத்தை இந்தியிலோ உருதுவிலோ இரண்டு நிமிடம் சொல்லலாம். மத்ரஸாவில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்தலாம். அதில் எம்மதத் தொழிலாளியும் அமரலாம். கூலியைக் காலத்தில் கொடுப்பது அனைத்திற்கும் முந்தியது. அன்ஸார்களின் பெருந்தன்மையில் ஒரு பங்கை அல்லாஹ் நமக்கும் அருள்வானாக!