சர்க்கார் சம்பளமும் சந்தைக் கூலியும்: கடக்வாஸ்லாவை முன்னிட்டு ஒரு விசாரணை

புணே நகருக்கு அருகே முட்டா நதியின் அணைக்கட்டை ஒட்டிய கடக்வாஸ்லாவில், 1916இல் பம்பாய் மாகாண அரசு தோற்றுவித்த அமைப்பிலிருந்து வளர்ந்த மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையமும், 1955இல் திறக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்பு அகாதெமியும் இருக்கின்றன. இவ்விரண்டின் நிரந்தர ஊழியர்களுக்குச் சம்பளம் நிர்ணயிப்பது டில்லி. அதே ஜில்லாவில் பிம்பிரி-சிஞ்சுவட் ஆலைகளிலும் ஹிஞ்சவடி மென்பொருள் ஸ்தாபனங்களிலும் உழைப்போருக்கு அதை நிர்ணயிப்பது சந்தை. இவ்விரு ஊதியங்களுள் எது எதை நடத்துகிறது என்பதே நம் விசாரணை.

பழைய சித்தாந்தம் சந்தையையே முதலாகக் கொண்டது. தகுதியுள்ளோரைச் சேர்க்கவும் தக்கவைத்துக்கொள்ளவும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே சர்க்கார் கொடுக்க வேண்டும் என்பது 1912இல் அமைந்த இஸ்லிங்டன் கமிஷனின் அபிப்பிராயம். ஆனால் நீதிபதி வரதாச்சாரியாரின் தலைமையில் 1947இல் அறிக்கை அளித்த முதற் சம்பளக் கமிஷன், கடைநிலை ஊழியனின் சம்பளத்தை ஜீவனத்தின் தேவையோடு பிணைத்து, 30 ரூபாய் சம்பளமும் 25 ரூபாய் பஞ்சப்படியும் என வகுத்தது. சுவீடனிலோ, 1997ஆம் ஆண்டின் தொழில்துறை உடன்படிக்கைக்குப் பின், ஏற்றுமதித் தொழில்கள் முதலில் ஊதிய உயர்வை முடிவு செய்ய, பொதுத்துறை அதையே அளவாகக் கொள்வது வழக்காயிற்று. நம் நாட்டில் இத்தகைய தெளிவான முறைமை இல்லை என்பது மட்டுமன்று. அளவு ஒருவனிடம் எடுக்கப்பட்டு, பயன் மற்றொருவனுக்குச் சேர்கிறது.

இதைச் சற்று விரித்துரைப்பது அவசியம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி, நால்வர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி என்றவாறு குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடும் நியதியை, 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஆலைத் தொழிலாளியை மனத்திற் கொண்டே ஏற்றது. அந்த நியதியை ஆதாரமாக்கியே ஏழாவது சம்பளக் கமிஷன் சர்க்கார் ஊழியரின் குறைந்தபட்சச் சம்பளத்தை 18,000 ரூபாயாக்கிற்று. அவ்வூழியருக்கு ஆண்டுக்கு இருமுறை பஞ்சப்படியை உயர்த்தும் விலைவாசிக் குறியீட்டெண்ணும், சிம்லாவிலுள்ள தொழிலாளர் செயலகம் தொழிலாளர் குடும்பங்களின் செலவைக் கொண்டு கணித்துத் தருவதேயாம். ஆனால் அந்தத் தொழிலாளியின் நிலை யாது? அக்கமிஷனுக்காக ஆமதாபாத் மேலாண்மைக் கழகம் நடத்திய ஆய்வின்படி, சர்க்காரில் கடைநிலை உதவியாளர் பெற்ற மொத்த ஊதியம் 22,579 ரூபாய். தனியாரிடம் அதே வேலைக்கு 8,000 முதல் 9,500 ரூபாய் வரை.

இத்துணை வேறுபாடு இருந்தும் சர்க்கார் சம்பளம் தனியார் கூலியைத் தன்னோடு மேலே இழுக்காத காரணம், உத்தியோகங்களின் அருமையே என்பது என் துணிபு. சர்க்காரில் வேலை எளிதிற் கிடைக்குமாயின், ஆளை இழக்க அஞ்சும் ஆலை முதலாளி கூலியை உயர்த்துவார். ஆயிரம் பேர் விண்ணப்பிக்கும் ஓரிடத்தைக் கண்டு அவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆறாவது கமிஷனுக்குப் பின் நான்காம் பிரிவு என்பதே மறைந்து, பியூன் முதலியோர் பல்பணி ஊழியராயினர். துப்புரவு, காவல், தோட்டம் ஆகிய பணிகள் பல அலுவலகங்களில் ஒப்பந்தக்காரர் கைக்குச் சென்றன. அங்கே சர்க்கார் தானே தனியார் கூலியைக் கொடுக்கும் எசமானாகிறது. மேல்நிலையிலோ நிலைமை மாறானது: நீரியல் அறிந்த பொறியாளரைச் சந்தை தன்பால் இழுக்க, கமிஷன்கள் பின்தொடர்கின்றன.

ஒப்பந்தத் தொழிலாளருக்கு, அதே வேலையைச் செய்யும் நேரடி ஊழியருக்குரிய கூலியே தரப்பட வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறின. நேரடி ஊழியர் எவருமே இல்லாதபோது ஒப்பிடுவதற்கு ஆள் ஏது? ஆகவே, நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைந்துள்ள எட்டாவது சம்பளக் கமிஷன், நிரந்தர ஊழியரின் அட்டவணையோடு நின்றுவிடாமல், சர்க்கார் ஒப்பந்தங்களில் எழுதப்படும் கூலியையும் 1957ஆம் ஆண்டின் நியதியைக் கொண்டே நிர்ணயிக்குமாறு பரிந்துரைக்க வேண்டும். அது தன் வரம்புக்கு அப்பாற்பட்டதாயின், அந்த வரம்பை விரிக்குமாறு அரசைக் கேட்க வேண்டும்.